பலகைக்கு இந்தப் பக்கம்

என் தம்பி கிறிஸ்துதாஸுக்கு முன்வரிசையில் சொந்தப் பல் என்று இரண்டுதான் மிச்சம். மற்றதெல்லாம் பிரான்ஸில் ஏதேதோ ஊர்ப் பனித்தரைகளில் விழுந்து போயின. ஐஸ் ஹாக்கி ஆடிச் சம்பளம் வாங்கிய புதுச்சேரிக்காரன் அவன் ஒருத்தன்தான் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். யாராவது இல்லையென்று சொன்னால் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

எங்கள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவருக்கு ஒரு மலையடிவார ஊருக்கு மாற்றல் வந்தது. குடும்பத்தோடு கிளம்பிப் போனோம். முதல் குளிர்காலம் முழுக்க நான் போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தேன். தாஸோ பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த பனித்தளத்தில் விழுந்து எழுந்து, மூக்கில் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, இங்க நடக்கவே வாணாம் அக்கா! சும்மா நின்னாவே போவுது!" என்றான்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். மீசை சரியாக முளைப்பதற்குள் ஒரு கிளப் அவனை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. இரண்டாம் டிவிஷன்தான், பெரிய பணம் இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஊரே அரங்கத்தில்தான் இருக்கும். தாஸ் தடுப்பாட்டக்காரன். அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது, அதை எந்த ஒப்பந்தத்திலும் எழுத மாட்டார்கள். தங்கள் அணியின் நல்ல ஆட்டக்காரனை எதிரணிக்காரன் எவனாவது தொட்டால், தொட்டவனைத் தாஸ் தொட வேண்டும். களத்தைச் சுற்றி இடுப்புயரத்துக்குப் பலகை அடித்திருப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் ஒரே தாவில் அதைத் தாண்டி உள்ளே போய் விழுவான். கூட்டம் "தாஸ்! தாஸ்!" என்று கூரை பிய்ந்துபோகக் கத்தும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டுவார். நான் கண்ணாடித் தடுப்பைத் தட்டித் தட்டி, "அலே தாஸ், அலே!" என்று, விடாதே போ என்று பிரெஞ்சில், தொண்டை கிழியக் கத்துவேன். அவனுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

கடைசியில் அந்தக் கோபமே அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டது. ஒரு ஆட்டத்தில் நடுவரையே பிடித்துத் தள்ளிவிட்டான். நீண்ட தடை விழுந்தது. தடை முடிவதற்குள் முழங்காலும் கெட்டுப்போனது. எந்த கிளப்பும் போனை எடுக்கவில்லை. கல்யாணமாகி நான் அதற்கு வெகுகாலம் முன்பே ஊர் திரும்பியிருந்தேன். ஒருநாள் மூலக்குளத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரிய பையோடு வந்து நின்றான். உள்ளே போய்ப் படுத்தவன், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே ஒரு மழைக்காலத்தைத் தள்ளினான்.

அவனைப் படுக்கையிலிருந்து கிளப்பியது சங்கவி. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் நான் கணக்கு பார்க்கிற கம்பெனியில் அவள் பேக்கிங் பிரிவு. வைத்திக்குப்பத்துக்காரி, அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா தனக்கொடி மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். பள்ளி நாளில் சக்கரக்கால் ஓட்டத்தில், அதாவது ஸ்கேட்டிங்கில், மெடல் வாங்கியவள்.

"லினெட் அக்கா, ஒங்க தம்பி ஹாக்கி ஆடுனவராமே? எங்களுக்குச் சொல்லித் தருவாரா? நாங்க ஏழெட்டுப் பேரு இருக்கோம்" என்றாள்.

கம்பெனியில் காலியாகக் கிடந்த ஒரு கிடங்கை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். வழவழவென்ற தரை. சக்கரக்காலோடு ஆடும் ஹாக்கியைத் தாஸ் அங்கே ஆரம்பித்தான். முதல் நாள் மட்டையைக் கையில் எடுத்தபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் ஒரு ஓரமாகப் போய் அழுதுவிட்டு வந்தேன். புதுச்சேரி பெண்கள் அணி அப்படித்தான் பிறந்தது. நான் நிர்வாகி. எனக்கு விளையாட்டின் சட்டம் பாதிதான் தெரியும், ஆனால் கத்தத் தெரியும்.

போன வருஷமே பெரிதாக ஏதாவது ஜெயித்திருக்க வேண்டியது. வெளியூரில் ஒரு போட்டி. எங்கள் அபியை, அணியில் வேகமான பெண் அவள், ஒருத்தி காலைத் தட்டிவிட்டாள். தான் பயிற்சியாளர் என்பதை மறந்து தாஸ் பலகையைத் தாண்டினான். நடுவரின் விசிலைப் பிடுங்கி எறிந்தான். அணியை மொத்தமாக வெளியே அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பெண்கள் யாரும் அவனோடு பேசவில்லை, திட்டக்கூட இல்லை. விழுப்புரம் தாண்டும்போது அவன் என் தோளில் தலையைச் சாய்த்து, "நான் வாழ்ந்ததுதான் வீணாப்போச்சு, இதுங்க வாழ்க்கையையும் சேத்துக் கெடுக்கிறேன் அக்கா" என்றான்.

இந்த வருஷம் தெற்கு மண்டலத்தின் கடைசி ஆட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது, கருவடிக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியின் ஸ்கேட்டிங் தளத்தில். ஜெயிக்கிற அணி ஜனவரியில் லடாக் போகும். அங்கே நிஜமான பனித்தரையில் நிஜமான ஐஸ் ஹாக்கி. எங்கள் பெண்கள் பார்த்த ஐஸெல்லாம் மீன் பெட்டியில் உடைத்துப் போடுகிற ஐஸ்தான். தாஸ் அவர்களிடம், "சக்கரத்துல போறது ஓட்டம். பனில போறது பறக்கறது. ஒரு தடவ நின்னுட்டீங்கன்னா கீழ எறங்க மாட்டீங்க" என்று சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டிருந்தான். அவர்கள் தூக்கத்திலும் பனியில்தான் நின்றார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் போட்டி மேற்பார்வையாளர் எங்கள் பெஞ்சுக்கு வந்தார். நிதானமான மனிதர்.

"கோச் சார், போன வருஷம் நடந்தது எழுத்துல இருக்கு. இந்தத் தடவ நீங்க பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு கால் வச்சாலும் ஒங்க டீம் அவுட். ஸ்கோர் என்னவா இருந்தாலும் சரி" என்றார்.

தாஸ் தலையாட்டினான். அவர் போனதும் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். "அக்கா, மாஸ்டர கெட்டியாப் புடிச்சுக்குங்க. ஆட்டத்த நாங்க பாத்துக்குறோம்" என்றாள் அபி. அன்றைக்கு எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை அதுதான், அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது.

அவனும் தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். பழைய பல் காப்பு ரப்பரை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். ஆட்டக்காரனாக இருந்தபோது பல்லைக் காப்பாற்றப் போட்டது, இப்போது வாயைக் காப்பாற்ற. அப்புறம் எப்படிப் பெண்களுக்குக் கட்டளை கொடுப்பது? அதற்கு வழி சங்கவி கண்டுபிடித்திருந்தாள். கடலில் இன்ஜின் சத்தத்தில் படகுக்குப் படகு பேச முடியாது. துண்டைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். அந்தச் சைகைகளைக் கிடங்கில் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். துண்டை இரண்டு கையால் கீழே அழுத்தினால், நில், இடத்தை விடாதே. பக்கவாட்டில் வீசினால், வலையைப் போடு, அதாவது ஏறி அடி. தலைக்கு மேல் சுழற்றினால், எல்லாரும் இங்கே வாருங்கள். ஆல்ப்ஸ் மலையில் ஆட்டம் கற்றவன் வாயில் ரப்பரும் கையில் துண்டுமாக நின்ற காட்சியைப் பார்த்து எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் விட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. என்ன வேகம்! சக்கரம் சிமெண்டில் உராயும் சத்தமும் மட்டைகள் மோதும் சத்தமும் சேர்ந்து காது அடைத்தது. எங்கள் பெஞ்சுக்குப் பின்னாலேயே படிக்கட்டில் வைத்திக்குப்பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மீன் விற்ற கையோடு வந்தவர்கள், கூடைகள் வெளியே மரத்தடியில். முதல் பாதி முடியப்போகிற நேரத்தில் தாஸ் துண்டைப் பக்கவாட்டில் வீசினான். அபி கிளம்பினாள். ஒருத்தியை வலப்பக்கம் ஏமாற்றி, இன்னொருத்தியைப் பார்க்காமலே தாண்டி, பந்துக்குப் பதிலாக ஆடுகிற அந்தக் கறுப்பு வட்டை வலையின் மேல்மூலையில் கொண்டுபோய்ச் செருகினாள். ஒன்றுக்கு பூஜ்யம்! நான் கட்டிப்பிடித்தது யாரை என்று எனக்கே தெரியவில்லை, தண்ணீர் கொடுக்க வந்தவர் என்று பிறகு சொன்னார்கள்.

இரண்டாம் பாதியில் சங்கவி ஒரு அடியை நெஞ்சால் நிறுத்தினாள். அவள்தான் எங்கள் கோல் காப்பாளர். படிக்கட்டில் அவள் அம்மா தனக்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றினாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்த பெண்களெல்லாம் சுழற்றினார்கள். களத்திலிருந்து பார்த்தால் தாஸின் தலைக்கு நேர் மேலே பத்துத் துண்டு சுழல்கிறது! கிடங்கில் அதையே பழகிப் பழகி ஊறிப்போன பெண்கள், அந்தச் சைகைக்கு யோசிக்கவா செய்வார்கள்? களத்தில் இருந்த நாலு பேரும் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எங்கள் பெஞ்சை நோக்கி ஓடி வந்தார்கள். சங்கவி தனியாக நின்றாள். எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி நிதானமாக வந்து உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். ஒன்றுக்கு ஒன்று.

தாஸின் வலது கால் பலகை மேல் ஏறிவிட்டது. நான் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஒரு பொத்தான் தெறித்தது. "ஒக்காருடா! ஒக்காரு!" என்றேன். ரப்பரைக் கடித்த வாயிலிருந்து ஏதோ உறுமல் வந்தது. உட்கார்ந்தான். பின்னாலிருந்து தனக்கொடி, "ஐயோ மாஸ்டரே, சந்தோஷத்துல தெரியாம சுத்திட்டேன்" என்று தலையிலடித்துக்கொண்டாள். அத்தனை பெண்களும் துண்டைச் சுருட்டிப் படியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

என் வேலையை நான் எவ்வளவு சரியாகச் செய்தேன் பாருங்கள். அடுத்த தாக்குதலில் சங்கவி வட்டைக் கையுறைக்கு அடியில் அமுக்கிப் பிடித்துவிட்டாள். அத்தோடு ஆட்டம் நிற்க வேண்டும். அந்த உயரமான பெண் மட்டையை ஓங்கி அவள் கை மேலேயே அடித்தாள். சங்கவி கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சுருண்டுபோனாள். நடுவர் பார்க்கவில்லை. வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, நான் களத்தின் நடுவில் நிற்கிறேன். ஒரு செருப்பு பெஞ்சுக்கருகில் கிடக்கிறது. என் விரல் நடுவரின் மூக்குக்கு நேரே ஆடுகிறது. தமிழில் ஆரம்பித்தது பிரெஞ்சுக்குப் போய், பிரெஞ்சில் என் அப்பா மட்டுமே பேசுகிற வார்த்தைகளுக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் பலகைக்கு அந்தப் பக்கம் தாஸ் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். வாயிலிருந்த ரப்பரைக் கையில் எடுத்துவிட்டான்.

"அக்கா! வெளிய வா அக்கா! ஒன் காலப் புடிக்கிறேன், வெளிய வா!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் என்னை அடக்கினான்.

மேற்பார்வையாளர் வந்தார். நான் பயிற்சியாளர் இல்லை என்பதால் அணி தப்பித்தது. ஆனால் தண்டனை இரண்டு. நான் பெஞ்சை விட்டுப் படிக்கட்டுக்குப் போக வேண்டும். என் குற்றத்துக்கு ஒரு ஆட்டக்காரி இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதுவரை நாலு பேரை எதிர்த்து மூன்று பேர்தான் ஆட வேண்டும். அபி போய் உட்கார்ந்தாள். என்னைக் கடந்து போகும்போது, "சூப்பர் அக்கா" என்றாள். பாராட்டா குத்தலா என்று இன்றுவரை தெரியாது.

வெட்கத்தில் காது சுட்டது. படியேறித் தனக்கொடி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்மா, அவரப் புடிச்சுக்க ஒன்ன வச்சா, நீயே உள்ள பூந்துட்டியே! இப்ப அவர யாரு புடிக்கிறது?"

அதுதானே. கீழே தாஸ் தனியாக இருந்தான். ஒரு தாவு தூரத்தில் பலகை. அவன் தாவினால் லடாக் போச்சு, பனி போச்சு, அந்தப் பஸ் மறுபடியும். நான் என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அவன் முதுகையே பார்த்தேன்.

அவன் ரப்பரை மறுபடி வாயில் போட்டான். துண்டை இரண்டு கையாலும் கீழே அழுத்தினான். நில், இடத்தை விடாதே. மூன்று பெண்களும் கோலுக்கு முன்னால் நங்கூரம் போட்ட மாதிரி நின்றார்கள். எதிரணி சுற்றிச் சுற்றி வந்து அடித்தது. சங்கவி அடிபட்ட கையால் ஒன்றைத் தட்டினாள், முட்டியால் ஒன்றை, கடைசியில் முகமூடியால் ஒன்றை. ஒவ்வொன்றுக்கும் படிக்கட்டே எழுந்து உட்கார்ந்தது. தனக்கொடி என் தொடையைக் கிள்ளியதில் மறுநாள் பார்த்தால் நீலம் பாரித்திருந்தது.

தண்டனை முடிந்து அபி சீறிக்கொண்டு உள்ளே வந்தாள். சங்கவி வட்டை நேராக அவளிடம் தள்ளினாள். எதிரே ஒரே ஒருத்தி. அபி அவளைத் தாண்டினாள். அடித்தாள். கோல்! கூட்டம் மொத்தமும் காற்றில் இருந்தது.

நடுவர் இரண்டு கையையும் குறுக்கே வீசினார். கோல் இல்லை. வட்டு உள்ளே போகும் முன்பே கோல் கம்பம் நகர்ந்துவிட்டதாம். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. வட்டு போன பிறகுதான் கம்பம் நகர்ந்தது. அபி மட்டையைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

சத்தம் சட்டென்று அடங்கியது. யாரும் நடுவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் தாஸைத்தான் பார்த்தார்கள். எதிரணிப் பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார், மேற்பார்வையாளர் எழுந்து நின்று பார்த்தார். தாஸ் பலகையிடம் போனான். இரண்டு கையையும் அதன் மேல் வைத்தான். அந்தக் கழுத்து சிவந்து புடைப்பது எனக்கு எட்டு வயதிலிருந்து தெரியும். அடுத்தது தாவல்தான். அந்தக் காலத்தில் பிரான்ஸில் கண்ணாடியைத் தட்டித் தட்டி அவனைத் தாவ வைத்தவளே நான்தான். இப்போது, "தாஸ், வாணாண்டா, வாணாம்!" என்று கத்துகிறேன்.

அவன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்தினான். தோள் இரண்டும் ஏறி இறங்கின. அப்படியே நின்றான். துண்டை எடுத்தபோது கண்ணெல்லாம் சிவப்பு. அபியைப் பார்த்துத் துண்டைப் பக்கவாட்டில் வீசினான். மறுபடி வீசினான். வலையைப் போடு. போனது போகட்டும், திரும்பப் போடு.

அபி மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டு மட்டையைக் குனிந்து எடுத்தாள்.

மிச்சம் இருந்தது ஒரு நிமிடத்துக்குக் குறைவு. நடுவர் வட்டைப் போட்டார். மட்டைகள் மோதின. வட்டு பலகையில் பட்டுத் தெறித்து ஓடியது. அபி அதைத் துரத்திக்கொண்டு கோலுக்குப் பின்பக்கம் போனாள். எல்லாரும் அவள் வலப்பக்கம் வருவாள் என்று அங்கே விழுந்தடித்துக்கொண்டு போனார்கள். அவள் இடப்பக்கமாகச் சுற்றி வந்து, கம்பத்தை ஒட்டினாற்போல மெல்ல உள்ளே தள்ளினாள். கம்பம் அசையவில்லை. நடுவர் ஓடிவந்து குனிந்து பார்த்தார். கையை நீட்டிக் கோலைக் காட்டினார்.

மணி அடித்ததா, அடிப்பதற்கு முன்பே நாங்கள் கத்த ஆரம்பித்துவிட்டோமா, சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கு ஒன்று! லடாக்! படிக்கட்டிலிருந்த அத்தனை துண்டும் காற்றில் சுழன்றன, இனி எந்தச் சைகைக்கும் பயமில்லை. பெண்கள் சங்கவி மேல் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து புரண்டார்கள். "மாஸ்டர்! வாங்க மாஸ்டர்!" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

தாஸ் வரவில்லை. பலகைக்கு இந்தப் பக்கமே நின்றான். வாயிலிருந்த ரப்பரை எடுத்தான். நடுவரைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான்:

"சார், இப்ப உள்ள வரலாமா?"

நடுவருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு வந்து, பலகையிலிருந்த சின்னக் கதவின் தாழ்ப்பாளை அவரே நீக்கிவிட்டார். தாஸ் அதைக் குனிந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் கதவு வழியாகக் களத்துக்குள் போய் நான் பார்த்ததேயில்லை. முழங்காலை இழுத்து இழுத்து நடந்து உள்ளே போனான். பெண்கள் பாய்ந்து அவனைத் தரையில் சாய்த்தார்கள்.

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தனக்கொடியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு படியில் தடதடவென்று இறங்கினேன். அந்தக் கதவு வரைக்கும் போய்விட்டேன். குவியலுக்கு அடியிலிருந்து தாஸ் தலையை நீட்டி என்னைப் பார்த்தான். இரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டே கத்தினான்.

"அக்கா! நீ மொதல்ல அவர கேட்டுட்டு வா!"

நான் நடுவரைப் பார்த்தேன். அவர் என் விரலைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சார், மன்னிச்சிடுங்க. நானும் வரலாமா?" என்று கேட்டேன்.